உள்பக்கம் தொங்கிய பூட்டு

நம் பூட்டு, சாவிக்காரர்களின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் போன வாரம் காம்பாரிலிருந்து ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அண்ணே, மூணு வாரமா ஒருத்தரும் கூப்பிடல. கடையைத் தொறக்கவே வெறுப்பா இருக்கு. விட்டுட்டு வேற வேலைக்குப் போலாமான்னு பாக்குறேன் லா." அதற்குக் கீழே ஒருவர் கும்பிடும் கை போட்டார். இன்னொருவர் முறுக்கிய புஜம் போட்டார். நான் ஒன்றும் போடவில்லை. ஒரு படத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்கு: நான் அந்தோணி. ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடிப்படிக்குக் கீழே முப்பது வருடத்துக்கும் மேலாகச் சாவி வெட்டினேன், பூட்டுத் திறந்தேன். இப்போது ஓய்வு. பூட்டை எப்படித் திறப்பது என்று உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. அதில் உங்களில் சிலர் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் சொல்ல வருவது வேலையே வராத ஐந்து வாரங்களைப் பற்றி, அந்த ஐந்து வாரத்தின் முடிவில் வந்த ஒரு காலையைப் பற்றி.

அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய பேரங்காடி திறந்தார்கள். அதன் கார் நிறுத்துமிடத்திலேயே சாவி வெட்டும் இயந்திரத்தோடு ஒருவர் உட்கார்ந்துவிட்டார். சனங்கள் சாவியைக் கொடுத்துவிட்டு மேலே போய்ச் சாமான் வாங்கி, இறங்கும்போது புதுச் சாவியோடு போனார்கள். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அங்கேதான் வெட்டியிருப்பேன்! ஆனால் என் மாடிப்படிக்குக் கீழே ஆள் வருவது நின்றது. குறைந்தது என்று சொல்லவில்லை, நின்றது.

முதல் இரண்டு வாரம் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒன்பது மணிக்குத் திறக்கும் கடையைப் பத்தரைக்குத் திறந்தேன். நாலு மணிக்கே மூடினேன். நடுவில் பத்து தடவை போனை எடுத்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்க என் மனைவிக்கே அழைத்தேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்துக்கொண்டிருந்தவள் நாலாவது நாள் சொன்னாள்: "இனிமே எனக்குக் கூப்பிட்டீங்கன்னா எடுக்க மாட்டேன். எடுத்து எடுத்து ரெண்டு தடவை சம்பால் கருகிப் போச்சு."

என் கடைக்கு அடுத்து ஒரு பாய் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். மூன்றாவது வாரம் ஒருநாள் மூன்று மணிக்கே நான் கதவை இழுப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"எங்க போற அந்தோணி?"

"வீட்டுக்கு. யாரும் வரல பாய்."

"என் கடையில மட்டும் யாரு இருக்கா? உள்ள பாரு."

பார்த்தேன். ஒரு மேசையிலும் ஆள் இல்லை. ஆனால் ரொட்டி சானாய் போடும் கல் அடுப்பில் ஏறியிருந்தது. சமையல்காரர் மாவை வீசிக்கொண்டிருந்தார்.

"ஆளே இல்லாம எதுக்கு பாய் கல்லைச் சூடாக்கி வச்சிருக்கீங்க?"

"ஆளு வந்தப்புறம் சூடாக்கினா அவன் எந்திரிச்சுப் போயிருவான் லா." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ பூட்டைத் தொறக்குற ஆளா, கடையைப் பூட்டுற ஆளா? ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணு."

எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். இடித்த வீடுகளிலிருந்து வந்த பூட்டுகள் ஒரு தகர டின் நிறையக் கிடந்தன. துருப்பிடித்தவை, சாவி தொலைந்தவை, நான் முன்பின் பார்த்திராத கம்பெனிப் பூட்டுகள், பழைய தோட்டத்து பங்களாக் கதவுப் பூட்டுகள். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து ஒன்பது மணிக்குக் கடை திறந்தேன், சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு. வாடிக்கையாளர் இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பூட்டுகளோடு மல்லுக்கட்டினேன். முதலில் கண்ணைத் திறந்துகொண்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு இடது கையால். பாய் அதை ஒரு பந்தயமாகவே ஆக்கிவிட்டார். அவர் ஒரு தே தாரிக் தேநீரை இழுத்து ஆற்றி மேசையில் வைப்பதற்குள் நான் ஒரு பூட்டைத் திறக்க வேண்டும். தோற்றால் அவர் கடை மேசைகளைத் துடைக்க வேண்டும். முதல் வாரம் நான் எத்தனை மேசை துடைத்தேன் தெரியுமா! பார்க்க வந்தவர்கள் கை தட்டினார்கள், தேநீர் குடித்தார்கள். பாய்க்கு வியாபாரம் சூடு பிடித்தது. எனக்கு மட்டும் ஒரு வேலையும் வரவில்லை.

இதைக் கவனியுங்கள். நான் பயிற்சி செய்தேன், உடனே வேலை கொட்டியது என்று கதை விடமாட்டேன். ஐந்தாவது வாரமும் காலியாகத்தான் போனது. ஆனால் காலையில் எழுந்தால் எனக்குப் போக ஒரு இடம் இருந்தது, அங்கே திறக்க ஒரு பூட்டு இருந்தது. அந்தக் கடைசி வாரங்களில் என்னை நிமிர்த்தி வைத்தது அதுதான்.

அந்த வாரக் கடைசியில், காலை பத்து மணி இருக்கும், பாய் கடையில் பசியாறிய ஒருவரைக் கையோடு கூட்டி வந்தார். நாற்பது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, காலில் நல்ல சப்பாத்து, சிவந்த கண்.

"அண்ணே, ஒரு வீட்டைத் தொறக்கணும். எங்க அம்மா வீடு. சாவி தொலைஞ்சு போச்சு. தொறந்துட்டு எல்லாப் பூட்டையும் மாத்திருங்க. எவ்வளவு கேட்டாலும் தாரேன். இப்பவே கிளம்பணும்."

ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் வேலை! அதுவும் ஒரு வீட்டின் எல்லாப் பூட்டும்! நான் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பையைத் தூக்கி மோட்டாரில் வைத்து அவருடைய காரின் பின்னால் பறந்தேன். வழியெல்லாம் எனக்குப் பாட்டு வந்தது.

காம்பார் போகும் பழைய சாலையில் ஒரு தாமான் குடியிருப்பு. முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து, விற்கப்பட்டு, பாதி செம்பனையாகவும் பாதி வீடுகளாகவும் மாறிய இடம். தோட்டத்து வேலையில் இருந்தவர்களுக்கு ஓரமாக ஒரு வரிசை வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த வரிசையின் நடுவீடு. வெளியே இரும்புக் கிரில், உள்ளே மரக் கதவு.

அவர் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நான் முட்டி போட்டுப் பையைத் திறந்தேன். கருவிகளை எடுத்து வைத்தேன். கிரிலின் பூட்டைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் என் கை நின்றது.

பூட்டு கிரிலின் உள்பக்கம் தொங்கியது.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நீங்கள் தொழில்காரர்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர் பூட்டை வெளிப்பக்கம் போடுவார். உள்ளே இருப்பவர்தான் உள்பக்கம் போடுவார்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், என்னை ஏசினாலும் பரவாயில்லை. ஒரு நொடி நான் அதைப் பார்க்காதது போல இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் அம்மா வீடு என்கிறார், கேட்டதைத் தருவதாகச் சொல்கிறார், ஐந்து வாரமாக என் கையில் வேலை இல்லை. அந்த நேரத்தில் மூளை எவ்வளவு சுலபமாகக் காரணம் கண்டுபிடிக்கிறது! பின்வாசல் வழியாகப் போயிருப்பார்கள், பூட்டை அவசரத்தில் மாட்டியிருப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். என் விரல் கருவியைத் தொட்டும்விட்டது.

பிறகு எழுந்து நின்றேன்.

"அம்மா எங்க இருக்காங்க?"

"ஊருல இல்ல."

"எந்த ஊருக்குப் போயிருக்காங்க?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குண்ணே? தொறங்க."

"உங்க ஐசியைக் காட்டுங்க."

காட்டினார். அடையாள அட்டையில் பெயர் சேகர். முகவரி ஜொகூர்.

"பக்கத்து வீட்டு ஆளு ஒருத்தர் வந்து நிக்காம நான் இந்தப் பூட்டைத் தொட மாட்டேன்" என்றேன். அவர் குரலை உயர்த்தினார். நான் அவரைவிட உயர்த்திப் பக்கத்து வீட்டைப் பார்த்து, "அக்கா! வீட்டுல யாரு?" என்று கூப்பிட்டேன்.

வெளியே வந்தவர் பார்வதி அக்கா. அறுபது வயது, கையில் வெண்டைக்காயும் கத்தியும். சேகரைப் பார்த்ததும் கத்தியை நீட்டியபடியே பேசினார்.

"திரும்பவும் வந்துட்டியா? நேத்து சாயங்காலம் மழையில நின்னு அத்தனை சத்தம் போட்டியே, பத்தலயா?" என் பக்கம் திரும்பினார். "தம்பி, இவன் மாரியம்மா மவன்தான். ஆனா அந்தம்மா இவனுக்குக் கதவு தொறக்காது. ஜொகூருக்கு வா, வீட்டை வித்துடலாம்னு நச்சரிச்சான். எட்டு மாசமா பேச்சு வார்த்தை இல்ல. நீங்க பூட்டைத் தொறந்தீங்கன்னா நான் போலீசைக் கூப்பிடுவேன்."

சேகர் தலையைத் தொங்கப் போட்டார். "அம்மா உள்ளதான் இருக்காங்க" என்றார். "எனக்குத் தொறக்க மாட்டேங்கிறாங்கன்னு உங்ககிட்ட எப்படிண்ணே சொல்றது? அதான் பொய் சொன்னேன். பாத்துப் பேசிட்டுப் போயிரலாம்னு வந்தேன். நேத்து அரை மணி நேரம் கூப்பிட்டேன். ஒரு வார்த்தை பதில் இல்ல. இன்னைக்கும் இல்ல."

சரி, விஷயம் முடிந்தது. குடும்பச் சண்டை. இதில் பூட்டுக்காரனுக்கு வேலை இல்லை. பையை மூட ஆரம்பித்தேன். மனதுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது, தப்புப் பண்ணாமல் தப்பித்தோம் என்று.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போது கொடியைப் பார்த்தேன். ஒரு சாரோங், இரண்டு சட்டை, ஒரு துண்டு. எல்லாம் நனைந்து கனத்துத் தொங்கின.

"அக்கா, இந்தத் துணி எப்பப் போட்டது?"

"நேத்துக் காலையில. நாந்தான் பாத்தனே."

"நேத்து சாயங்காலம் மழை பேஞ்சுச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா, நல்ல மழ..."

பார்வதி அக்கா நிறுத்தினார். அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. மூன்று பேரும் கொடியைப் பார்த்தோம். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்த ஒரு பொம்பளை, மழை வந்தால் முதலில் ஓடிப் போய்த் துணியை எடுக்கிறவர், எவ்வளவு கோபமாக இருந்தாலும் துணியை நனைய விடுவாரா?

"கோவத்துல வெளிய வரலன்னு நெனச்சேன் லா" என்றார் அக்கா. "காலையில காய் வாங்கப் பாசாருக்குக் கூப்பிடலாம்னு பாத்தேன். கோவம் தணியட்டும்னு விட்டுட்டேன்."

நான் பையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். சேகர் என் பின்னால். குளியலறைக்கு மேலே காற்றுக்காக வைத்த சின்னச் சன்னல் இருந்தது. இருவரும் சுவரில் காதை ஒட்டிக்கொண்டோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொக். பிளாஸ்டிக் குவளையால் தரையைத் தட்டுகிற சத்தம்.

"அம்மா!" சேகர் அலறினார்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம்! பார்வதி அக்கா ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் அழைத்தார். எதிர் வீட்டிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பின்கதவில் உள்ளே மேலும் கீழும் தாழ்ப்பாள், அங்கே நேரத்தை வீணாக்க முடியாது. முன்பக்கம்தான். நான் திரும்பி ஓடி வருவதற்குள் சேகர் கார் டயர் கழற்றும் இரும்பை எடுத்துக்கொண்டு கிரிலை நோக்கிப் பாய்ந்தார்.

"உடைச்சிடுறேண்ணே! தள்ளுங்க!"

"அடிக்காதீங்க! ஒரு அடி தப்பா விழுந்தா பூட்டு நசுங்கிரும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும், அரை மணி நேரம் ஆகும். எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க."

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு?"

"பேசாம இருங்க போஸ்!"

கத்தியேவிட்டேன். கம்பிகளுக்கு இடையே இரண்டு கையையும் மணிக்கட்டுக்கு மேல் நுழைத்து, என் பக்கம் திரும்பாத பூட்டைப் பிடித்தபடி வேலை செய்ய வேண்டும். துவாரம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கம்பி தோலைக் கிழித்தது. பின்னால் நாலு பேரின் மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நம்புங்கள், கண்ணை மூடியதும் எல்லாம் எனக்குப் பழக்கமான இடமாகிவிட்டது! மாடிப்படியின் கீழே ஆளில்லாத நேரத்தில் எத்தனை தடவை இப்படி உட்கார்ந்திருக்கிறேன். விரலுக்கு எல்லாம் தெரிந்தது. எது இறங்குகிறது, எது நிற்கிறது, எங்கே பொறுக்க வேண்டும், எங்கே தள்ள வேண்டும்.

கிளிக்.

அந்தச் சத்தத்தை எந்த இசையோடும் நான் ஒப்பிட மாட்டேன். அதற்கு நிகர் கிடையாது.

கிரிலை இழுத்துத் தள்ளிவிட்டு மரக் கதவில் விழுந்தேன். அது இன்னும் சீக்கிரம். கதவு திறந்ததும் என் கால் தானாக உள்ளே போகப் பார்த்தது. நிறுத்திக்கொண்டேன். அது என் வீடு இல்லை. ஒதுங்கி நின்று, "போங்க. தூக்காதீங்க, ஆம்புலன்ஸ் வரட்டும்" என்றேன்.

சேகர் உள்ளே ஓடினார். பார்வதி அக்காவும் போனார். நான் கூடத்து வாசலிலேயே நின்றேன். குளியலறைப் பக்கமிருந்து பேச்சு கேட்டது. வறண்ட, கீச்சிட்ட ஒரு குரல்.

"வழுக்கிட்டேன்டா. நேத்து மழைக்கு முந்தி."

"நான் வந்தேம்மா. கூப்பிட்டேனே."

"கேட்டுச்சு. நானும் கூப்பிட்டேன். மழையில உனக்குக் கேக்கல."

சேகர் முந்தின நாள் கடைசியாகக் கத்திவிட்டுப் போனது என்ன என்று எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. இங்கே எழுத மனம் வரவில்லை. அதையும் அந்த அம்மா தரையில் படுத்தபடி கேட்டிருக்கிறார்.

இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. குவளையில் இருந்த தண்ணீரை வாயில் விட்டுக்கொண்டு அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்திருக்கிறார். ஆம்புலன்சில் ஏற்றும்போது நான் சாலையோரம் நின்றேன். என் கையில் ரத்தம் வழிந்ததையே அப்போதுதான் பார்த்தேன். யாரும் எனக்குக் கூலி தரவில்லை, நானும் கேட்கவில்லை. மோட்டாரில் ஈப்போவுக்குத் திரும்பும்போது அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. கடைக்கு வந்து பாயிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் எனக்கு ஒரு ரொட்டி போடச் சொன்னார்.

தம்பிகளே, தங்கைகளே, இதில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். தொழில் மந்தமாக இருக்கும்போது நம் பசி நம் கண்ணை மறைக்கும். பூட்டு உள்பக்கம் தொங்குவது தெரியாமல் போகும். நான் பார்க்காதது போலத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த அம்மா இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கிடைத்திருப்பாரே? கிடைத்திருப்பார்தான். ஆனால் அடுத்த தடவை கூப்பிடும் வீட்டில் உள்ளே ஒளிந்திருப்பது யார், வெளியே நிற்பது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டதால்தான் பார்வதி அக்கா வெளியே வந்தார். அவர் வந்ததால்தான் துணியின் கதை தெரிந்தது. மறுத்ததும் சரி, அடுத்த நிமிடம் பாய்ந்து திறந்ததும் சரி. இரண்டுக்கும் நடுவில் நான் செய்தது கேள்வி கேட்டது மட்டும்தான். வேலை இல்லாத நாளில்தான் அந்தக் கேள்விகளைக் கேட்கத் தெம்பு வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு இரவு யோசித்தேன். எத்தனை தாமானில் எத்தனை பேர் பிள்ளைகள் வெளியூர் போனபின் உள்பக்கம் பூட்டிக்கொண்டு தனியாக இருக்கிறார்கள்! சாவி வெட்டும் இயந்திரத்தை ஒரு பெட்டியில் வைத்து மோட்டாரின் பின்னால் கட்டினேன். பழைய தோட்டத்துப் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போனேன். உள்ளிருந்தும் வெளியிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு மாற்றித் தருகிறேன், கூடுதல் சாவியை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து வையுங்கள் என்று சொன்னேன். முதல் நாள் மூன்று வீட்டில் துரத்தினார்கள். நாலாவது வீட்டில் உட்காரச் சொன்னார்கள். பார்வதி அக்கா தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். தாப்பா வரைக்கும், லூமுட் வரைக்கும் போய் வந்தேன். பேரங்காடியில் உட்கார்ந்திருப்பவரால் வீட்டு வாசலுக்கு வர முடியாது, எனக்கு அது முடிந்தது. அதற்கப்புறம் எனக்கு மந்தமான மாதமே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் நான் என் மனைவிக்குப் போன் போட்டுப் பார்த்ததில்லை.

மாரியம்மா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பூட்டு மாற்ற என்னைத்தான் கூப்பிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கைப்பிடித் தடி. சின்ன உருவம், பெரிய குரல். சேகர் லீவு போட்டுவிட்டு வந்து சமையலறையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். பேச்சு அளவாகத்தான் இருந்தது.

வேலையை முடித்துவிட்டுக் கேட்டேன். "எத்தனை சாவிம்மா வேணும்?"

"ரெண்டு. எனக்கு ஒண்ணு, பார்வதிக்கு ஒண்ணு."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. நான் இரண்டு வெட்டினேன். கொடுத்தேன். இயந்திரத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, மெசினை மூடிட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"இன்னொண்ணு வெட்டு."

வெட்டினேன். வாங்கி, மகன் பக்கம் பார்க்காமலே மேசை ஓரத்தில் வைத்தார்.

"ஜொகூர்லேருந்து வாரவன் நெனச்ச நேரத்துக்கு வந்து நிப்பான். ஒவ்வொரு தடவையும் நானா எந்திரிச்சு வந்து தொறக்க முடியும்?"

சேகர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தச் சாவியை எடுத்தார். அப்போதுதான் வெட்டியது, சூடு ஆறவில்லை. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்தார். கீழே வைக்கவில்லை.